சத்தமாகச் சொல்லி எழுதுங்கோ, டொக்டர்

டொக்டர் வாயால் சொல்லச் சொல்லக் கணினி எழுதிக்கொள்ளும் முறையைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் நேரக் கணக்கைத்தான் கேட்கிறார்கள். எவ்வளவு நேரம் மிச்சமாகும், ஒரு நாளைக்கு எத்தனை பேரைக் கூடுதலாகப் பார்க்கலாம், டைப் பண்ணிப் பழகாத பெரிய டொக்டர்மாருக்கு எவ்வளவு வசதி என்று. என்னிடமும் கேட்கிறார்கள், ஏனென்றால் நான் அந்தத் தொழிலில் இருந்தவள். நானும் முன்பெல்லாம் நேரத்தை வைத்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் திருகோணமலையில் ஒரு சின்னத் தனியார் கிளினிக்கில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தபோது நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு எனக்கு வேறு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. அதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது.

1990இல் நாங்கள் படகேறி ராமேஸ்வரம் போன குடும்பம். மண்டபம் அகதி முகாம், பிறகு அங்கேயே பள்ளி, ஹொஸ்டல், அப்புறம் சென்னை. 2000ஐ ஒட்டிய வருடங்களில் சென்னையில் தெருவுக்குத் தெரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று போர்டு தொங்கியது பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் டொக்டர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டு ஃபோனிலோ கையடக்க ரெக்கார்டரிலோ சொல்லி வைப்பார்கள், அந்தக் குரல் இங்கே வந்து சேரும், இங்கே இருக்கும் பெண்பிள்ளைகளும் பையன்களும் அதைக் கேட்டு டைப் செய்து, அங்கே அடுத்த நாள் ஆஸ்பத்திரி திறக்குமுன் அனுப்பிவிட வேண்டும். காதில் ஹெட்ஃபோன், காலடியில் பெடல். பெடலின் நடுவில் மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும், ஓரத்தில் மிதித்தால் பின்னுக்குப் போகும். கை விசைப்பலகையை விட்டு எழும்பக் கூடாது என்பதற்காகத்தான் கால். பல வருடம் அந்த வேலை செய்த எனக்கு இன்றைக்கும் யாராவது தெளிவில்லாமல் ஏதாவது சொன்னால் வலது கால் தானாக அசையும்.

கேட்டு எழுதுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு இரவு அந்த ஹெட்ஃபோனைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே சொல்லும் டொக்டர், கார் ஓட்டிக்கொண்டே சொல்லும் டொக்டர், பிலிப்பைன்ஸ் உச்சரிப்பு, ஸ்பானிய உச்சரிப்பு, நம் ஆந்திராக்காரரின் உச்சரிப்பு. ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று ஒரு மில்லிகிராம் கணக்கில் மாட்டிக்கொண்டால் பத்துத் தரம் பின்னுக்குப் போகவேண்டி வரும். ஹைப்போ என்றாரா ஹைப்பர் என்றாரா, இரண்டும் நேர் எதிர். செலிப்ரெக்ஸ் மூட்டு வலிக்கு, செலெக்சா மனச்சோர்வுக்கு; அரைத் தூக்கத்தில் சொல்லும் ஒருவரின் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். இதற்கெல்லாம் எங்களுக்கு ஒரு விதி இருந்தது, வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள்: புரியாவிட்டால் ஊகிக்காதே, கோடு விடு. அந்த இடத்தில் வெற்றுக் கோடு போட்டு, குரலில் அது எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது விநாடி என்று குறித்து அனுப்ப வேண்டும். டொக்டர் அதைப் பார்த்து நிரப்புவார். நிரப்பத் தெரியாவிட்டால் நோயாளியைக் கேட்பார். அந்த வெற்றுக் கோட்டை நான் அன்றைக்குப் பெரிதாக எண்ணவில்லை. இப்போது யோசித்தால் அந்தத் தொழிலிலேயே மிக நேர்மையான விஷயம் அதுதான்.

கோடு விடாத இயந்திரம்

இயந்திரம் வந்த கதையை நீட்ட விரும்பவில்லை. 1997இல் பேச்சைக் கேட்டு எழுதும் டிராகன் நாச்சுரலிஸ்பீக்கிங் என்ற மென்பொருள் வந்தது. அதற்கு முந்திய மென்பொருள்கள் பலவற்றில் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும், இதில் வழக்கம்போலத் தொடர்ந்து பேசலாம். மருத்துவத்தில் முதலில் பிடித்துக்கொண்டவர்கள் எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் சொல்பவர்கள். அது நியாயம்தான்: அமைதியான அறை, ஒரே ஆளின் குரல், திரும்பத் திரும்ப வரும் ஒரே சொற்கள், எதிரில் நோயாளி இல்லை. பிறகு அமெரிக்காவில் 2009இல் ஆஸ்பத்திரிகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறவைக்கப் பணம் கொடுக்கும் சட்டம் வந்தது. மாறினார்கள், மாறியதும் டொக்டர்மாரே டைப்பிஸ்டுகள் ஆனார்கள். 2016இல் வெளியான ஒரு ஆய்வில் டொக்டர்களைக் கூடவே இருந்து கவனித்தபோது, நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு ஒரு மணி நேரத்துக்கும் கணினியிலும் மேசை வேலையிலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போவதாகக் கண்டார்கள். அந்த நோவுக்கு மருந்தாகத்தான் குரல் திரும்பவும் வந்தது. 2021இல் டிராகனை வைத்திருந்த நியூயன்ஸ் கம்பனியை மைக்ரோசொஃப்ட் 19.7 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்ததைப் பார்த்தால் இந்த மருந்துக்கு எவ்வளவு கிராக்கி என்று விளங்கும்.

எங்கள் அலுவலகத்தில் என்ன ஆனது என்றால், கேட்டு டைப் செய்தவர்கள் எல்லோரும் மெல்ல மெல்ல இயந்திரம் எழுதியதைக் கேட்டுத் திருத்துபவர்களாக மாறினோம். வரிக்குக் கிடைத்த கூலி குறைந்தது. அதைவிட என்னை உறுத்தியது வேறு. மனிதன் கேட்டு எழுதினால் புரியாத இடத்தில் புரியவில்லை என்பது தெரியும். இயந்திரத்துக்கு அது கிடையாது. காதில் விழுந்த ஒலிக்கு மிக நெருக்கமான, முன்பின் சொற்களோடு அதிகம் சேர்ந்து வரக்கூடிய ஒரு சொல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் அதன் பிழை பிழை மாதிரியே தெரியாது. எழுத்துப் பிழை இருக்காது, இலக்கணம் சரியாக இருக்கும், வாசித்தால் வழுக்கிக்கொண்டு போகும். 'இல்லை' என்ற ஒரே ஒரு சொல் விழுந்துபோய் நோய் இருப்பதாக ஆகியிருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

2018இல் வந்த ஒரு ஆய்வு இதை எண்ணிப் பார்த்தது. 217 மருத்துவக் குறிப்புகளை எடுத்து, இயந்திரம் முதலில் எழுதியது, டிரான்ஸ்கிரிப்ஷன் ஆள் திருத்தியது, டொக்டர் கடைசியில் கையெழுத்திட்டது என்று மூன்று கட்டமாகப் பார்த்தார்கள். முதல் கட்டத்தில் நூறு சொல்லுக்கு ஏழுக்கு மேல் பிழை, 7.4 சதவீதம். ஆள் திருத்தியதும் 0.4. கையெழுத்தாகும்போது 0.3. அந்தப் பெரிய இறக்கத்தைச் செய்தது யார் என்று எண்களே சொல்கின்றன. ஆனால் எந்தக் கம்பனியும் விற்கும்போது இந்த நடு ஆளைக் கழித்துக் காட்டித்தான் விற்கிறது. 2017இல் ஆஸ்திரேலியாவில் அவசர சிகிச்சைப் பிரிவு டொக்டர்களை வைத்து, அதே வேலையை ஒரு தரம் விசைப்பலகையாலும் ஒரு தரம் குரலாலும் செய்யவைத்துப் பார்த்தார்கள். குரலால் செய்தபோது ஏறத்தாழ 18 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தது, பிழைகளும் கூடின. அதற்குப் பிறகு தொழில்நுட்பம் நிறைய முன்னேறிவிட்டது, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் நேரம் மிச்சம் என்பதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ள நான் தயாரில்லை.

காகிதம் தொலைத்த ஊர்

யுத்தம் முடிந்து சில வருடத்தில் திருகோணமலைக்குத் திரும்பி வந்தோம். இங்கே மருத்துவப் பதிவு என்றால் கிளினிக் கொப்பிதான் என்று உங்களுக்குத் தெரியும். பொலித்தீன் பையில் சுற்றி, எக்ஸ்ரேயோடும் இரத்தச் சோதனைத் துண்டுகளோடும் சேர்த்து, அடையாள அட்டையைவிடப் பத்திரமாக அம்மாமார் வைத்திருப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இப்போது கணினிப் பதிவும் இருக்கிறது. எச்.எச்.ஐ.எம்.எஸ். என்று இலங்கையிலேயே உருவாக்கிய மென்பொருள், ஆளுக்கொரு சுகாதார இலக்கம், எல்லாம் நல்ல முயற்சி. தனியார் கிளினிக்குகளில் ஒவ்வொருவரும் தங்களுக்கு வசதியானதை வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்றிரண்டு இளம் டொக்டர்மார் மைக்கைப் பூட்டிச் சொல்லி எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த மாவட்டத்தில் காகிதத்துக்கு ஆயுள் குறைவு. எங்களைப் போல 1990இல் ஓடியவர்கள் எதைக் கொண்டுபோனோம்? 2004 சுனாமியில் கிண்ணியா ஆஸ்பத்திரியையே கடல் அடித்தது. 2006இல் மூதூரும் சம்பூரும் இடம்பெயர்ந்தபோது பிள்ளையைத் தூக்கினவர்கள் கொப்பியைத் தூக்கவில்லை. அறுபது வயது தாண்டிய யாரையும் கேளுங்கள், அவர்களின் வருத்தக் கதையில் பாதி எந்தத் தாளிலும் இல்லை, அவர்கள் வாயில்தான் இருக்கிறது. அந்த வாய் பேசுவது தமிழ். எதிரில் இருக்கும் டொக்டர் பல நேரம் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை. சிலர் இங்கே வந்து மிக அக்கறையாகத் தமிழ் படித்து, 'எங்க நோகுது அம்மா' என்று கேட்கிறார்கள், அவர்களைக் கும்பிடலாம். மற்ற நேரம் மிஸ்ஸியோ (நர்ஸ்) சிற்றூழியரோ இடையில் நின்று சொல்லுவார். கடைசியில் எழுதப்படுவது ஆங்கிலத்தில். சொன்னவருக்குத் தான் சொன்னது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வழியே இல்லை. பேனாவால் எழுதினால் அந்தக் கையெழுத்தை மருந்துக் கவுண்டரில் இருப்பவரைத் தவிர யாராலும் வாசிக்க முடியாது, கணினியில் எழுதினால் திரை டொக்டர் பக்கம் திரும்பியிருக்கும்.

அலர்ஜி இல்லை என்று சொன்னபோது

அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் பல காலமாக உண்டு. அன்றைக்குப் போனது இருமலுக்கு. சளி நெஞ்சில் கட்டி, இரவில் படுக்க முடியாமல் இருந்தா. அவசரம் என்பதால் அரசாங்கக் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் ஒரு தனியார் டொக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன அறை, மேசையில் மடிக்கணினி, அதில் வளைந்த கழுத்தோடு ஒரு மைக். டொக்டர் நம் ஆள், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் தட்டிப் பார்த்தார், கேட்க வேண்டியதைக் கேட்டார். 'மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா அம்மா' என்றும் கேட்டார். அம்மா 'இல்லை' என்றா. எல்லா டொக்டருக்கும் அம்மா அப்படித்தான் சொல்லுவா. தான் இப்போது குடிக்கிற குளிசைகளைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தா என்று பிறகு சொன்னா.

அதன் பிறகு அவர் மைக்கைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். எனக்குப் பழைய ஹெட்ஃபோன் ஞாபகம். அதே ஆங்கிலம், அதே வரிசை: வயது, என்ன வருத்தத்தோடு வந்தார், எத்தனை நாள், பழைய நோய்கள், குடிக்கும் மருந்துகள். அடுத்து, மூச்சு விடாமல், 'நோ நோன் டிரக் அலர்ஜீஸ்' என்றார். நான் அந்த வரியை வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் தரம் டைப் செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. விரல் தானாக அடிக்கும் வரி அது. அம்மா நிமிர்ந்தா.

'என்ன தம்பி, அலர்ஜி எண்டு சொன்னீங்கள்?'

'அது ஒண்டும் இல்லை அம்மா. உங்களுக்கு ஒரு மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போகேல்லை எண்டு எழுதுறன்.'

'ஆர் சொன்னது? மண்டபத்தில இருக்கேக்க ஒரு ஊசி போட்டு நான் செத்துப் பிழைச்சனான்.'

அவர் கையை எடுத்துவிட்டு அம்மா பக்கம் முழுதாகத் திரும்பினார். அம்மா சொன்னா. முகாமில் தகரம் வெட்டிக் காலில் புண், அது சீழ் பிடித்துக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட கையோடு உடம்பெல்லாம் கடி, உதடு வீங்கியது, தொண்டை அடைத்தது, கண் இருட்டியது. ஓடிவந்து வேறு ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அங்கிருந்த நர்ஸ் 'இனிமே எங்க போனாலும் பெனிசிலின் ஆகாதுன்னு சொல்லணும்மா' என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாராம். துண்டு எங்கே? முகாமிலிருந்து எத்தனையோ வீடு மாறி, கடல் தாண்டித் திரும்பி வந்ததில் அது எப்போதோ போய்விட்டது. நான் அப்போது ஹொஸ்டலில், எனக்கே இந்தக் கதை அன்றைக்குத்தான் தெரியும். பெனிசிலின் என்ற பெயர் மட்டும் அம்மாவுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. திரையில் மருந்துப் பகுதியில் அவர் ஏற்கெனவே தெரிவு செய்து வைத்திருந்தது அமொக்சிலின். பெனிசிலின் குடும்பம்தான் அது. அதை அழித்தார், வேறு மருந்து போட்டார், அலர்ஜி வரியை மாற்றினார், சிவப்பில் வரும்படி ஏதோ செய்தார். பிறகு மாற்றியதை அம்மாவுக்குத் தமிழில் ஒரு தரம் சொல்லிக் காட்டினார், அவராகவே, யாரும் கேட்காமல்.

நான் அந்த அறையில் உட்கார்ந்தபடி யோசித்தது ஒன்றுதான். இதே டொக்டர் பேனாவால் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. டைப் செய்திருந்தாலும் நடந்திருக்காது. அவர் சத்தமாகச் சொன்னதால் நடந்தது. கேள்வியாகக் கேட்டபோது 'இல்லை' என்ற அதே அம்மா, தன்னைப் பற்றி ஒருவர் முடிவாகச் சொல்வதைக் காதால் கேட்டதும் மறுத்தா. மனிதர்கள் அப்படித்தான், கேள்விக்குப் பதில் தேடுவதைவிடத் தன்னைப் பற்றிச் சொன்ன பிழையைத் திருத்துவது அவர்களுக்குச் சுலபம். அதுவும் ஆங்கிலத்துக்குள் அலர்ஜி என்ற ஒரு சொல் பழக்கமாக இருந்ததால் பிழைத்தோம். முழுவதும் தமிழில் சொல்லியிருந்தால் அம்மா இன்னும் எதையெல்லாம் திருத்தியிருப்பா? அமெரிக்கக்காரர்களுக்காக நான் டைப் செய்த அத்தனை குறிப்புகளும் நோயாளி எழும்பிப் போன பிறகு நடைபாதையிலும் காரிலும் சொல்லப்பட்டவை. நாங்கள் விட்ட வெற்றுக் கோடுகளை டொக்டர் நிரப்பினார், ஆனால் டொக்டருக்கே கோடு என்று தெரியாத இடங்களை நிரப்ப அந்த நோயாளியைத் தவிர வேறு ஆள் கிடையாது. ஒரு தரம்கூட அந்த ஆளின் காதுக்கு அது போகவில்லை.

இனி வருவது சத்தமில்லாதது

இதைச் சொன்னால், நல்லது, அப்படியென்றால் குரல் தொழில்நுட்பம் வரட்டும் என்பீர்கள். சிக்கல் என்னவென்றால் இப்போது வந்துகொண்டிருப்பது சொல்லி எழுதும் முறைகூட இல்லை. டொக்டரும் நோயாளியும் வழக்கம்போலக் கதைக்க, மேசையில் கிடக்கும் ஃபோன் அதைக் கேட்டுத் தானாகவே குறிப்பை எழுதி வைத்துக்கொள்கிறது. டொரண்டோவில் இருக்கும் என் மச்சாளின் டொக்டர் அப்படித்தான் செய்கிறாராம். மச்சாளுக்கு நல்ல சந்தோஷம், 'இப்பதான் மனுசன் என்ர முகத்தைப் பார்த்துக் கதைக்கிறார்' என்றாள். அது சின்ன விஷயம் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு டொக்டர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினால் அது நோயாளிக்கும் நல்லது, இரவு வீட்டுக்குப் போய் மிச்சக் குறிப்பு எழுதும் டொக்டருக்கும் நல்லது. ஆனால் நான் அவளைக் கேட்டேன், என்ன எழுதியது என்று உனக்குக் காட்டினாரா என்று. காட்டவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

குரலை எழுத்தாக்கும் பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளில் ஒன்று ஓப்பன்ஏஐ கம்பனி 2022 செப்டெம்பரில் வெளியிட்ட விஸ்பர். 680,000 மணி நேர ஒலியைக் கொண்டு பழக்கியது, அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். திறமையானதுதான், நானே பயன்படுத்திப் பார்த்து வியந்திருக்கிறேன். ஆனால் 2024இல் வெளியான ஒரு ஆய்வு அது செய்யும் ஒரு வேலையைக் கண்டுபிடித்தது: எழுதிய துண்டுகளில் நூற்றுக்கு ஒன்று அளவில், யாருமே பேசாத வாக்கியங்களைத் தானாகச் சேர்த்திருந்தது. பேச்சில் இடைவெளி அதிகம் விழும் இடங்களில், பக்கவாதம் போன்றவற்றால் பேச்சு தடைப்பட்டவர்களின் குரலில், அது கூடுதலாக நடந்தது. எனக்கு உடனே அம்மாதான் நினைவுக்கு வந்தா. அம்மா வருத்தத்தைச் சொல்லும்போது ஒரு வசனம் சொல்லி, நிறுத்தி, சேலைத் தலைப்பைச் சரி செய்து, யோசித்து, பிறகுதான் அடுத்த வசனம். இந்த ஊரில் வயதானவர்கள் எல்லோருக்கும் அந்த நடைதான். அந்த இடைவெளியில் நாங்கள் பெடலை அழுத்திக்கொண்டு காத்திருப்போம். இயந்திரம் காத்திருக்காமல் எழுதிவிடுகிறது.

தமிழ் எப்படி இருக்கிறது என்று பார்க்க அம்மாவை ஃபோனில் கதைக்க வைத்துப் பார்த்தேன். கூகுள் 2017இல் தமிழில் குரலால் எழுதும் வசதியைக் கொண்டுவந்தபோதே தமிழ் (இலங்கை) என்று ஒரு தெரிவையும் சேர்த்தது, அதைத்தான் போட்டேன். நிதானமாகப் புத்தகத் தமிழில் சொன்னால் ஆச்சரியப்படும்படி எழுதுகிறது. அம்மா தன் பாட்டில் கதைத்தபோது, 'இரவு ரெண்டு தரம் சத்தி எடுத்தனான்' என்றது 'சக்தி' ஆனது. 'நாரி உளையுது', அதாவது இடுப்பு வலிக்கிறது, என்றதில் நாரி நரியாகிவிட்டது. வாந்தி எடுத்த மனுசி சக்தி எடுத்ததாக ஒரு பதிவில் ஏறினால், அதைச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதும் அடுத்த கட்டம் அதை வைத்து என்ன செய்யும்? மூதூரிலிருந்து வரும் ஒரு உம்மா பேசும் தமிழும், நிலாவெளிக் கரைவலைக்காரர் பேசும் தமிழும், இடையில் சிங்களத்தில் டொக்டர் கேட்பதும், நடுவில் மிஸ்ஸி மொழிபெயர்ப்பதும் ஒரே ஒலியில் விழும்போது அதைப் பிரித்து எழுதப் பழக்கிய மாதிரி எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. யாராவது செய்தால் முதலில் இந்த ஊருக்கு வரட்டும், குரல் கொடுக்க நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

சத்தமாகச் சொல்வதிலும் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது, அதை மறைத்துப் பேசக் கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு அறையில் இரண்டு மேசை, ஒரு நோயாளி கதிரையில், அடுத்த இருவர் அவர் முதுகுக்குப் பின்னால், வாசலில் மிச்சப் பேர். அங்கே ஒரு டொக்டர் வாய்விட்டுச் சொன்னால் ஒரு பிள்ளையின் மாதவிலக்குக் கதையோ ஒருவரின் மனநல மருந்தோ மாலைக்குள் மார்க்கெட்டுக்குப் போய்விடும். எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த ஊர் இது. அதனால் முதலில் கதவு வேண்டும், குறைந்தது ஒரு திரைச்சீலையும் வரிசையைத் தள்ளி நிறுத்த ஒரு ஆளும். மென்பொருளுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கலாம் என்று உறுதியாக நினைக்கிறேன். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் தேவைப்படும் வகையாகச் சொல்கிறது, தன்னைப் பற்றிய பிழையான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமையையும் பேசுகிறது. நல்ல சட்டம். ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால்தானே அம்மா திருத்தக் கேட்கலாம்.

பிறகு ஒரு தரம் அதே டொக்டரிடம் போனபோது வரிசை குறைவாக இருந்தது, கதைக்க நேரம் கிடைத்தது. தானாகக் கேட்டு எழுதும் செயலி ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நான் சொன்னேன், தாராளமாகப் பாருங்கோ, ஆனால் அது எழுதி முடித்ததும் கையெழுத்துப் போடுமுன் நோயாளிக்கு முன்னால் தமிழில் ஒரு தரம் வாசித்துவிடுங்கோ, உங்கள் வாயால் முடியாவிட்டால் கணினியையே வாசிக்க விடுங்கோ, எழுத்தைக் குரலாக்குவது இப்போது தமிழில் நன்றாகவே வருகிறது. அவர் சிரிக்கவில்லை, தட்டிக் கழிக்கவும் இல்லை. மாலை முழுக்க வெளியில் ஆட்கள் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் முழுக் குறிப்பையும் வாசிக்க எங்கே நேரம் அக்கா என்றார். செயலி மிச்சம் பிடித்துத் தரும் என்கிறீர்களே, அந்த நேரத்தைத்தான் கேட்கிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்தார். அலர்ஜியும், குடிக்கும் மருந்துகளும், அன்றைக்கு எழுதிய மருந்தும் மட்டும் என்றால் எல்லோருக்கும் வாசிக்கலாம் என்றார். எனக்கு அது போதாது, எந்த இடத்தில் நோகிறது, எப்போது தொடங்கியது என்பதும் அதில் சேர வேண்டும் என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அம்மா 'அவர் சொல்லுறது சரிதானே, முதல்ல அதைச் செய்யட்டும்' என்று டொக்டர் பக்கம் சேர்ந்துவிட்டா. சரி, அந்த மூன்றிலிருந்து தொடங்கட்டும்.